மேட்டில் நின்ற காற்று

இறுதியாண்டு ஆய்வுக்காக நானும் என்னோடு ஜோடி சேர்க்கப்பட்ட மாணவரும் எடுத்த தலைப்பு, மலைச்சரிவுகளில் போடப்பட்ட சிறிய குடிநீர்க் குழாய்களில் ஓட்டம் ஏன் குறைகிறது என்பது. வீட்டில் சொன்னபோது உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "தண்ணி ஓடுற எப்பிடீன்டு பாக்க கெம்பஸ் போகோணுமா மகள்?" என்றார். வாப்பா தம்புள்ளையிலிருந்து வந்த வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பாய்ம இயக்கவியல் என்ற பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் உம்மாவின் கேள்வி மோசமானதல்ல. நான்கு வருடங்கள் சமன்பாடு எழுதிய எங்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு குழாயின் கூடவே நடந்து போனதில்லை.

என் ஜோடி மாணவர் பல்லேகமவைச் சேர்ந்தவர், சிங்களவர். தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது. நான் மாத்தளைக்காரி. அப்போதே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்திகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே அளப்பது அவர், ஆட்களிடம் பேசுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். அந்தப் பிரிவினை முதல் நாள் காலை வரைதான் நின்றது.

நாங்கள் போன தோட்டம் மாத்தளை நகருக்கு மேலே, தேயிலையும் மிளகுக் கொடியும் மாறி மாறி வரும் சரிவில் இருக்கிறது. அதில் ஒரு டிவிஷனில் இரண்டு லயத் தொகுதிகள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒன்று மேட்டு லயம், மற்றது பணிய லயம். பணிய என்றால் அங்கே தாழ்ந்த பக்கம். இரண்டுக்கும் மேலே ஓர் ஊற்று, ஊற்றின் வாயில் சீமெந்துத் தொட்டி. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தொட்டியடியிலேயே ஒரு வால்வு. பணிய லயத்துக்குப் போகும் குழாய் நேரே இறங்கிவிடுகிறது. மேட்டு லயத்துக்குப் போவது முதலில் ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு ஒரு பாறை முகட்டின் மேல் ஏறி, மறுபக்கம் மறுபடி இறங்குகிறது. முகட்டைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தால் கூடுதல் குழாய் தேவைப்பட்டிருக்கும். திட்டத்தைச் செய்தவர்கள் குறுக்கே போட்டுவிட்டார்கள். மேட்டு லயம் பெயரில்தான் மேடு, அதுவும் தொட்டியை விடத் தாழ்ந்த இடம்தான். தண்ணீர் தானாகவே போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேரவில்லை. பணிய லயத்தில் குழாயைத் திறந்தால் பக்கட் நிரம்பியது. மேட்டு லயத்தில் நூலாக ஒழுகியது, சில நாட்களில் அதுவும் இல்லை.

ஊற்றில் தண்ணீர் போதாது என்று குடிநீர்க் குழு முடிவு செய்து முறை வைத்திருந்தது. காலையில் மேட்டு லயத்துக்கு, மத்தியானத்துக்குப் பிறகு பணிய லயத்துக்கு, இரவில் இரண்டையும் மூடித் தொட்டியை நிரம்ப விடுவது. இந்த முறையைச் செய்து வந்தவர் ஒரு பெண். முன்பு கொழுந்து எடுத்தவர், முழங்கால் கெட்டதால் மலைக்குப் போவதை விட்டவர். எல்லாரும் அவரை வால்வு அக்கா என்றார்கள். அவர் பணிய லயத்தில் குடியிருந்தார். மேட்டு லயத்துக்காரர்களுக்கு இந்த ஒரு விவரமே போதுமானதாக இருந்தது. தன் பக்கத்து வால்வை முழுதாகவும் தங்கள் பக்கத்து வால்வைப் பாதியாகவும் திறக்கிறார் என்றார்கள். பாதி திறக்கிறார் என்பது மெல்ல மெல்லத் தண்ணீர் திருடுகிறார் என்று ஆகியிருந்தது.

முதல் நாள் மேட்டு லயத்துப் பொதுக் குழாயடியில் அளவு பக்கட்டை வைத்துவிட்டு நின்றோம். குடங்களோடு வரிசையில் இருந்த பெண்களில் ஒருவர், வாய்த்துடுக்கானவர், எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கெம்பஸ்ல இருந்தா வந்திருக்கீங்க? தண்ணிய அளந்து என்ன மிஸ் காணப் போறீங்க? அத தொறக்கிறவள அளங்க."

வரிசை சிரித்தது. என் ஜோடி மாணவருக்கும் புரிந்தது, அவர் பக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் சொல்லித்தான் சூடம் அணைக்கும் விஷயம் எனக்குத் தெரிய வந்தது. தோட்டத்தில் ஒருவர் மேல் பழி விழுந்தால், மாரியம்மன் கோயிலில் எல்லார் முன்னாலும் சூடத்தைக் கொளுத்தி, "நான் செய்யவில்லை" என்று சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அந்த வீட்டுக்கு ஏதாவது நேரும் என்பது நம்பிக்கை. வால்வு அக்காவை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "எடுக்கலன்னா அணைக்க வேண்டியதுதானே மிஸ்? கை நடுங்குதுன்னா என்ன அர்த்தம்?" என்றார் அந்தப் பெண். எனக்கும் அப்போது அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அன்று பின்னேரம் வால்வு அக்காவின் வீட்டுக்குப் போனேன். முன் காம்பராவில் அவருடைய மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் விஷயத்துக்கு வருவதற்கு முன்பே அக்கா மகளைக் கண்ணால் காட்டினார்.

"நான் எடுத்திருந்தாத்தானே பயப்படணும். ஆனா புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல சத்தியம் பண்ண மாட்டாங்க மிஸ். மெய்யோ பொய்யோ, பண்ணவே மாட்டாங்க. இது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறாங்க."

வழக்கம் அதுதான் என்று பிறகு வேறு இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சத்தியம் கூடாது. அணைத்தால் வழக்கத்தை மீறியவர், அணைக்காவிட்டால் திருடி. குடிநீர்க் குழுவின் தலைவர், அவரும் மேட்டு லயத்துக்காரர், பெரிய மனது பண்ணி ஒரு தவணை கொடுத்திருந்தார். பல்கலைக்கழகம் அளந்து சொல்லட்டும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பேசிக்கொள்வோம் என்பது அவர் தீர்ப்பு. நாங்கள் மதிப்பெண்ணுக்காகச் செய்ய வந்த வேலை இப்படி ஒரு பெண்ணின் பெயர் மேல் போய் உட்கார்ந்தது. "நீங்க அளந்து சொன்னா நான் கோயில் வாசலுக்குப் போக வேண்டி வராதுல்ல?" என்று அக்கா கேட்டார். வராது என்றேன்.

அவரும் தன் பங்குக்கு ஒரு குற்றவாளியை வைத்திருந்தார். மேட்டு லயத்துக்காரர்கள் நடுவழியில் குழாயை உடைத்து இரகசியமாகத் தங்கள் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஆக இரண்டு லயங்களும் ஒரு திருடனைத் தேடின, எதிர்ப்பக்கத்தில் மட்டும்.

நாங்கள் திருட்டைத்தான் முதலில் தேடினோம். தேடும் முறை எளிது. தொட்டியிலிருந்து குழாய்க்குள் போகும் தண்ணீரையும், மேட்டு லயத்தில் எல்லாக் குழாய்களிலும் சேர்த்து வெளியே வரும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். உள்ளே போவது கூடுதலாகவும் வெளியே வருவது குறைவாகவும் இருந்தால் நடுவில் யாரோ எடுக்கிறார்கள், அல்லது குழாய் ஒழுகுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தன. வேறொரு நாளும் அளந்தோம், ஒன்றாகவே இருந்தன. போதாததற்குக் குழாய் நெடுக நடந்தோம். அட்டைகள் ஏறியதைத் தவிர வேறு களவு எதுவும் அகப்படவில்லை. மேட்டு லயத்துக்காரர்கள் மேல் அக்கா வைத்த குற்றச்சாட்டு அதோடு முடிந்தது.

அக்கா மேல் அவர்கள் வைத்ததும் முடிந்திருக்க வேண்டும். அவர் எங்கள் முன்னால் மேட்டு லயத்து வால்வைத் திறந்தார். என் ஜோடி மாணவர் அதன் பிடியைத் தானும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அதற்கு மேல் திரும்பவில்லை. வால்வு முழுதாகத் திறந்திருந்தது. அப்படியும் குழாய்க்குள் போனது கொஞ்சம்தான். மிச்சம் தொட்டியின் விளிம்பால் வழிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊற்றில் தண்ணீர் போதாது என்று முறை வைத்த ஓர் இடத்தில், மேட்டு லயத்தின் முறை நேரத்தில், தொட்டி நிரம்பி வழிந்தது. அந்தக் காட்சி தினமும் நடந்துகொண்டிருந்தது. மேட்டு லயத்துக்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், அக்கா வால்வைப் பாதி மூடுவதற்கு அதையே சாட்சியாகவும் சொன்னார்கள்.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, ஓட்டை இல்லை, எடுப்பவர் இல்லை. குழாய் தண்ணீரை வாங்க மறுக்கிறது. ஏன் என்பதற்கான பதில் மேட்டு லயத்துக் குழாயடியில் எங்கள் முன்னாலேயே இருந்தது. தண்ணீர் வரும்போது குழாய் இருமியது. ஒரு வாய் தண்ணீர், ஒரு வாய் காற்று, பிறகு மௌனம்.

மேட்டு லயத்தில் ஒரு பழக்கம். முறைத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் வீட்டு வாசல் குழாய்களை மூடுவதே இல்லை. திறந்து விட்டு, அடியில் தகர வாளியை வைத்துவிடுவார்கள். வாளியில் டப்பென்று விழும் சத்தம்தான் அவர்களுக்கு அறிவிப்பு. அடுப்படியிலிருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடி வருவார்கள். இல்லாதவர்கள் கண்டுபிடித்த புத்திசாலித்தனமான ஏற்பாடு அது. ஆனால் முறை முடிந்து அக்கா மேலே வால்வை மூடியதும், முகட்டுக்கு லயத்துப் பக்கம் குழாயில் இருந்த தண்ணீர் திறந்த வாய்களால் வடிந்துவிடும். வடிந்த இடத்துக்குக் காற்று ஏறும். மறுநாள் காலை வால்வைத் திறந்தால், தண்ணீர் பள்ளத்தில் இறங்கி முகட்டின் மேல் ஏறுகிறது, அங்கே காற்று நிற்கிறது. காற்றுக்குப் போக வழி இல்லை. அதன் அடியில் ஒதுங்கி, ஒரு நூலாகத்தான் தண்ணீர் மறுபக்கம் வழிய முடியும். முகடு ஏறக்குறையத் தொட்டியின் உயரத்துக்கே இருந்தது. அதை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அவ்வளவு உயரத்தில் காற்றைத் தள்ளிவிடும் வலு தண்ணீருக்கு இல்லை.

எந்தப் பாடப் புத்தகத்திலும் இது உண்டு. குழாய் ஒரு முகட்டைக் கடந்தால், முகட்டின் உச்சியில் ஒரு காற்று வால்வு வைக்க வேண்டும். கைக்குள் அடங்கும் சிறிய சாமான், காற்றை வெளியே விடும், தண்ணீரை விடாது. அந்த முகட்டில் அது இல்லை. வைத்து உடைந்த அடையாளமும் இல்லை.

என்னைக் கோபப்படுத்தியது அது மட்டுமல்ல. முறை வைத்ததே நியாயமாகப் பங்கிடுவதற்காக. அந்த முறையை அக்கா எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறாரோ, எவ்வளவு நேரம் தவறாமல் மூடித் திறக்கிறாரோ, அவ்வளவு ஒழுங்காகக் காற்று உள்ளே ஏறியது. அக்கா சோம்பேறியாக இருந்து வால்வைத் திறந்தபடியே விட்டிருந்தால் மேட்டு லயத்துக்கு ஓரளவாவது தண்ணீர் போயிருக்கும். குழுவின் சொல்லை அப்படியே கேட்டதற்காகத்தான் அவர் திருடி ஆனார்.

எங்கள் விரிவுரையாளர் இதையெல்லாம் கேட்டு மகிழ்ந்தார். அளவீடுகளைப் புகழ்ந்தார். அவரிடம் ஒன்று கேட்டோம். முகட்டில் காற்று வால்வு வைக்கப்படவில்லை, அதுவே காரணம் என்று முடிவுரையில் எழுத வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆலோசனை சொன்ன குழுவில் தானும் இருந்ததை அப்போதுதான் சொன்னார், ஒரு குறையாக அல்ல, ஒரு தகுதியாக. முடிவுரையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், தோட்டத்துக் கூட்டத்தில் தானே பேசுவதாகவும் சொன்னார்.

கூட்டம் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. பகலில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது. சுவரில் தொங்கிய தொட்டில் சேலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு எங்களுக்குக் கதிரை போட்டிருந்தார்கள். இரண்டு லயங்களும் வந்திருந்தன, நடுவில் இடைவெளி விட்டு. வால்வு அக்கா உள்ளே வராமல் கதவடியில் நின்றார். விரிவுரையாளர் சிங்களத்தில் பேசினார், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் தமிழில் சொன்னார். முக்கியமான வசனம் இது: வால்வை இடைவிட்டு இயக்குவதால் குழாய்க்குள் காற்று புகுந்து ஓட்டம் குறைகிறது. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் இரண்டு மொழியும் அறிந்தவள், பிழை தேடினேன், இல்லை. முகட்டைப் பற்றி, இல்லாத காற்று வால்வைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை, அவ்வளவுதான்.

நலன்புரி உத்தியோகத்தர் அதைச் சுருக்கினார். "வால்வ தொறந்து மூடுறதுலதான் பிழையாம். அதனாலதான் தண்ணி கொறையுதாம்."

மேட்டு லயத்துப் பக்கம் எழுந்த சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. தலைவர் கையைக் காட்டி அடக்கினார். "கெம்பஸே சொல்லிருச்சு. இனி நாங்க பேச ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழம கோயிலுக்கு வரச் சொல்லுங்க." கதவடியில் நின்றவரைப் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

பத்திரிகைக்கு எழுதியதில் நான் படித்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு வசனம் உண்மையாகவும் இருக்கலாம், ஓர் ஆளைக் கொல்லவும் செய்யலாம், விட்டுப்போன பாதியைப் பொறுத்தது அது. நான் எழுந்து நின்றேன். இந்த அக்கா நீங்கள் வைத்த முறையைத்தான் செய்தார், குறை குழாயில் இருக்கிறது, முகட்டில் காற்று அடைத்து நிற்கிறது என்று தமிழில் சொன்னேன். குழாயடியில் எங்களைக் கேலி செய்த அதே பெண் கேட்டார்: "அப்ப காத்துதான் எங்க தண்ணிய குடிச்சுச்சா மிஸ்?"

காம்பரா முழுக்கச் சிரித்தது. பணிய லயத்துக்காரர்களும் சிரித்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

"முகட்டுக்கு வாங்க, காட்டுறோம்," என்றேன். விரிவுரையாளர் வாகனம் காத்திருப்பதாக எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் உட்காராததால் அவர் மட்டும் போய் அதில் ஏறிக்கொண்டார்.

ஏறக்குறைய எல்லாரும் வந்தார்கள். அவர்களுடைய நோக்கம் வேடிக்கை பார்ப்பதுதான். தொட்டியடியில் மேட்டு லயத்து வால்வைத் திறந்து வைத்துவிட்டு, என் ஜோடி மாணவர் முகட்டின் உச்சியில் இருந்த குழாய் மூட்டைப் பெரிய ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தினார். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். சீறல் தொடங்கியது. சைக்கிள் டியூப் கழன்றதுபோல் தொடங்கி, நிற்காமல், எல்லாரும் பேச்சை நிறுத்தும் அளவுக்கு நீண்ட நேரம் சீறியது. வாடைகூட வந்தது, பாசியும் துருவும் கலந்த வாடை. பிறகு துப்பியது, பிறகு தண்ணீர் பாய்ந்து அவருடைய சட்டையை நனைத்தது. அவர் மூட்டை இறுக்கினார். கீழே லயத்திலிருந்து யாரோ ஒரு பெண் கத்தினார், வார்த்தை கேட்கவில்லை, தகர வாளிகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாசலிலும்.

மேட்டு லயத்துப் பெண்கள் ஓடிவிட்டார்கள். வால்வு அக்கா கெட்ட முழங்காலோடு மேலே ஏறி வந்திருந்தார். ஈரமான மூட்டைத் தொட்டுப் பார்த்து, "இதுவா?" என்று மட்டும் கேட்டார்.

தலைவர் இன்னும் அங்கே நின்றார். நல்லது, வெள்ளிக்கிழமை இனித் தேவைப்படாது என்றார். அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"தேவப்படாதுன்னா, அத எல்லாரையும் கூப்புட்டு சொல்லுங்க தலைவரே. நான் திருடலன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அதான் தண்ணி வந்துருச்சே அக்கா," என்றார் தலைவர். அதைப் பதிலாகத்தான் சொன்னார்.

தண்ணீரின் பக்கத்தில் நடந்தது சுருக்கமானது. நாங்கள் சொன்னபடி மேட்டு லயத்து வால்வை மூடாமல் விட்டார்கள், வாசல் குழாய்களைப் பாவிக்காத நேரம் மூடினார்கள். காற்று ஏறவில்லை. சில வாரங்களில் திட்டத்தின் ஆட்கள் ஒரு வாகனத்தில் வந்து, முகட்டில் காற்று வால்வைப் பொருத்தி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குடிநீர் வசதி மேம்படுத்தப்பட்டது என்று மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள். தொடக்கத்தில் வைத்திருக்க வேண்டியதைப் பிந்தி வைத்தோம் என்று அந்தப் பலகை எந்த மொழியிலும் சொல்லவில்லை. ஊற்றில் தண்ணீர் போதுமானதாக இருந்ததால் முறையும் தேவைப்படவில்லை. முறை இல்லாததால் வால்வைத் திறந்து மூட ஆளும் தேவைப்படவில்லை.

அறிக்கையின் பக்கத்தில் நடந்தது இன்னும் சுருக்கம். "வால்வு இயக்குபவரின் நடைமுறை" என்ற தலைப்பில் முடிவுரை இருந்தது. அதை எடுத்துவிட்டு, முகட்டின் குறையை முதலில் எழுதும்படி விரிவுரையாளரிடம் வாதாடினேன். அந்தத் தோட்டத்தில் வால்வு இயக்குபவர் என்றால் ஒரே ஓர் ஆள்தான், எல்லாருக்கும் அவர் யார் என்று தெரியும் என்றேன். ஆராய்ச்சி அறிக்கையில் ஆட்களுக்கு இடமில்லை என்றார் அவர். ஆட்களுக்கு இடமில்லை என்றால் அந்தத் தலைப்புக்கு எப்படி இடம் வந்தது என்று கேட்டேன். "இது பத்திரிகை இல்லை," என்றார். நானும் ஜோடி மாணவரும் எங்கள் முடிவைத் தனிப் பக்கமாக எழுதிப் பின்னிணைப்பாகக் கொடுத்தோம். கட்டி வந்த அறிக்கையில் அந்தப் பக்கம் இல்லை. அதன் ஒரு பிரதி தோட்டத்து அலுவலகத்துக்கும் போனது.

சில மாதங்கள் கழித்து, காற்று வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க நான் மட்டும் போனேன். மேட்டு லயத்தில் குழாயடி வரிசை இல்லை. அந்த வாய்த்துடுக்கான பெண் என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு, தன் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டி, தேத்தண்ணி ஊற்றினார். வால்வு அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததையும், தாயும் பிள்ளையும் சுகம் என்பதையும் அவர்தான் சொன்னார். உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேள மிஸ், அன்னைக்கு அவ சூடம் அணைக்கல."

ஏன் என்று கேட்டேன்.

"அணைச்சிருந்தா அந்தப் புள்ளைய சாமி நல்லபடியா விட்டிருக்குமா?"

முகட்டில் காற்று சீறியபோது நீங்களும் நின்றீர்களே என்றேன். நின்றேன், கேட்டேன் என்றார். அது வேறு, இது வேறு என்றார். என் மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பணிய லயத்தில் வால்வு அக்கா குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். மேலே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். மறைக்க எனக்கு வரவில்லை, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"முப்பது நாள் தீட்டும் கழிஞ்சுருச்சு. இப்ப வீட்டுல புள்ளத்தாச்சி இல்ல. வெள்ளிக்கெழம நான் அணைக்கிறேன் மிஸ். வந்து பாக்கச் சொல்லுங்க."

மறுபடி மேலே ஏறிச் சொன்னேன். தலைவர், பழசை எதற்குக் கிளற வேண்டும் என்றார். அந்தப் பெண், வெள்ளிக்கிழமை தனக்கு நகரத்தில் அலுவல் இருப்பதாகச் சொன்னார். நான் இன்னும் சிலரிடம் போனேன். எல்லாருக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் போனேன். கோயில் வேலிக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். அக்கா குளித்துத் தலைமுடியை விரித்து, தட்டில் சூடத்தோடு வந்தார். மகளும் குழந்தையும் வரவில்லை. பூசாரி கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சத்தியம் கேட்டவர்கள் வந்து எதிரே நின்றால்தான் அது சத்தியம், அவர்கள் இல்லாமல் அணைத்தால் வெறும் பூசைதான் என்று விளக்கினார். அவர் சொன்னது அங்கத்தைய வழக்கப்படி சரிதான். வேண்டுமானால் அர்ச்சனை செய்து தருகிறேன் என்றார்.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். மேட்டு லயத்திலிருந்து இறங்கும் பாதையில் இரண்டு பேர் வந்தார்கள், கோயிலைத் தாண்டிக் கடைக்குப் போனார்கள். அவர் கொளுத்தாத சூடத்தைத் தட்டிலிருந்து எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மிஸ். வாங்க, சந்தி வரைக்கும் வர்றேன்," என்றார்.